வேலி தாண்டும் பங்கு

கிண்டியைத் தாண்டினால் ஆலந்தூர். 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை அது தனி நகராட்சி. 1990களின் பிற்பகுதியில் அங்கே ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்தார்கள். பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிறைந்தால் லாரியைக் கூப்பிட வேண்டும். அதற்கு வசதியில்லாதவர் வீட்டுக் கழிவு தெருவோரக் கால்வாயில் ஓடும். மழைக்காலம் வந்துவிட்டால் யார் வீட்டுத் தண்ணீர் யார் வாசலில் நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பாதாளச் சாக்கடைக்குச் சுமார் 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. நகராட்சியிடம் அவ்வளவு பணம் ஏது? கடன் கேட்கலாம், அரசிடம் மானியம் கேட்கலாம், இரண்டையும் கேட்டார்கள். அதோடு, ஆர்.எஸ். பாரதி தலைவராக இருந்த அந்த நகர்மன்றம் ஊர் மக்களிடமும் போய் நின்றது. வீடு என்றால் 5,000 ரூபாய், கடை கண்ணி என்றால் 10,000 ரூபாய் முன்பணம். இணைப்பு வந்த பிறகு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம். வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். மக்கள் பணம் கணிசமாகச் சேர்ந்த பிறகு, 2000இல் வேலை தொடங்கியது. 2003இல் பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் இயங்க ஆரம்பித்தது. குடிமக்கள் முன்கூட்டியே பணம் கட்டி ஒரு நகராட்சி பாதாளச் சாக்கடை போட்டதற்கு இந்தியாவில் முன்னோடியாக இன்றும் ஆலந்தூரைத்தான் காட்டுகிறார்கள்.

நான் அடிக்கடி யோசிப்பது அந்த 5,000 ரூபாயைப் பற்றித்தான். அன்றைக்குப் பல குடும்பங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஒரு குழாய்கூட இறங்காத நேரத்தில் கட்டிய பணம் அது. கட்டியவர் கையில் இருந்தது ரசீது மட்டும். வேலை முடிந்த பின்னும் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இருக்கப்போவதில்லை. பூங்காவா, மண்டபமா, கல்லில் பெயர் வெட்டி வைக்க? எல்லாம் மண்ணுக்குள். போதாததற்கு, பக்கத்து வீட்டுக்காரரும் கட்டுவார் என்ற நம்பிக்கையும் வேண்டும். தெருவில் நான்கு வீடு சேர்ந்து பத்து வீடு சேராமல் போனால் அந்த நான்கு வீட்டின் பணமும் வீண். என் வாசலைச் சுத்தமாக வைக்க உன் வீட்டுக் குழாயும் வேண்டும் என்பதை ஓர் ஊரே உணர்ந்து பணம் கட்டியது பெரிய காரியம். அரசுத் திட்டங்களின் வரலாற்றில் ஒரு பத்தியாக அதை முடித்துவிடுவது நியாயமில்லை.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் அடுக்குமாடிகளில் வாழும் நாம் மாதாமாதம் பணம் கட்டிப் பழகியவர்கள்தான். லிப்ட், மோட்டார், சம்ப், வாட்ச்மேன், கோடையில் லாரித் தண்ணீர் என எல்லாம் மெயின்டனன்ஸ் கணக்கில் வந்துவிடும். ஜெனரல் பாடி மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எழும் சண்டைகளுக்கு ஒரே வேர்தான். தரைத்தளத்துக்காரர் லிப்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? மொட்டைமாடி ஒழுகினால் அது மேல்மாடிக்காரர் பாடா, எல்லார் பாடா? பூட்டியிருக்கும் வீட்டுக்காரர் அமெரிக்காவில் இருந்தால் அவருக்குத் தண்ணீர்க் கணக்கு உண்டா? நான் அனுபவிக்காததற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்விதான் இத்தனை வடிவத்திலும் வருகிறது. நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் அதைக் கடைசிவரை கொண்டுபோனால் படிக்கட்டைக்கூடத் தளம் தளமாகப் பிரிக்க வேண்டியிருக்கும். மொட்டைமாடியில் ஊறும் நீர் தூணுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்போது தரைத்தளத்தை விட்டுவிடுவதில்லை.

காம்பவுண்டுக்குள்ளேயே இவ்வளவு என்றால் கேட்டுக்கு வெளியே கேட்க வேண்டியதில்லை. வெளியே எல்லாம் கார்ப்பரேஷன் பாடு.

கேட்டைத் தாண்டி வந்த ஒரு காலமும் இந்த நகரத்துக்கு உண்டு. எம்.பி. நிர்மல் 1989இல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருத் தெருவாகச் சங்கம் அமைத்தது. வீட்டுக்கு மாதம் சில ரூபாய் வசூல்; அதில் ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கி, ஓர் ஆளை அமர்த்தி, வீடு வீடாகக் குப்பை எடுக்க வைத்தார்கள். அவரைக் குப்பைக்காரர் என்று சொல்லக் கூடாது, தெருவை அழகாக்குபவர் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். தென் சென்னையில் இந்தச் சங்கங்கள் நன்றாகவே நடந்தன. 2000இல் மாநகராட்சி மூன்று மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கம்பெனி வண்டி வாசலுக்கே வருகிறதே, இனி எதற்குத் தனிச் சந்தா என்று வீடுகள் ஒவ்வொன்றாக நிறுத்தின. சங்கங்கள் பல மெல்லக் கலைந்தன. அன்று மிச்சமான பணம் சொற்பம். போனது, பத்தாம் நம்பர் வீட்டுக்காரரும் பதினைந்தாம் நம்பர் வீட்டுக்காரரும் மாதம் ஒருமுறை தெருவைப் பற்றிப் பேசிக்கொண்ட வழக்கம். அதற்குப் பிறகு நிறுவனங்கள் மாறின, வண்டிகளின் நிறம் மாறியது. அந்த வழக்கம் பல தெருக்களில் திரும்பவில்லை.

வெறும் சந்தா ஒரு தெருவைச் சேர்த்து வைக்காது என்பதை எக்ஸ்னோரா காலத்திலிருந்து நான் தெரிந்துகொண்டேன். 1997இல் வந்து, 2021இல் மீண்டும் உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போட்டு பூங்காவோ சாலையோ அமைத்துத் தரும். நல்ல திட்டம். ஆனால் திறப்பு விழாவுக்கு மறுநாள் ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் யார் பார்ப்பது என்பதற்கு எந்த அரசாணையும் பதில் சொல்லாது.

பதில் நம் ஊரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையால் ஆள் எடுத்த முறையைச் சொல்கின்றன. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் உறவினரும் வர முடியாது. இன்றைய சங்கச் செயலாளர்கள் இதைப் படித்தால் சற்று நடுங்குவார்கள், நடுங்கவும் வேண்டும். அதே கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது. ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். ஏரித் தண்ணீர் எல்லார் வயலுக்கும் போனது. ஏரியைப் பற்றிப் பேச வீட்டுக்காரருக்கு மட்டுமே வாய் இருந்தது.

இதில் நாம் ஆயிரம் ஆண்டில் அதிகம் நகரவில்லை. பெரும்பாலான அடுக்குமாடிச் சங்கங்களில் உரிமையாளர்தான் உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர் மெயின்டனன்ஸ் கட்டுவார், மீட்டிங்குக்கு வர மாட்டார். வாட்ச்மேன் குடும்பம் அங்கேயே வாழும், எந்தப் பட்டியலிலும் இராது. பூங்காவுக்குப் போவோம். நடுப்பகலில் பூட்டிக் கிடந்த பூங்காக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் நிழல் தேடி வருபவர்கள் நடைப்பயிற்சிக்காரர்கள் இல்லை. இரண்டு வீட்டு வேலை முடித்து மூன்றாவது வீட்டுக்குப் போகும் முன் அரை மணி உட்கார நினைக்கும் அம்மா, முதலாளி வரும்வரை காத்திருக்கும் டிரைவர், சாப்பாட்டு மூட்டையோடு டெலிவரிப் பையன். ‘நாங்கள் காசு போட்டுப் பராமரிக்கிறோம், கண்டவர்களும் வந்து படுக்கிறார்கள்’ என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். அந்த நிலம் யாருடையது? சென்னையில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கு விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. காலனிப் பூங்கா பலவும் இப்படி ஊருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட நிலம். செடிக்குத் தண்ணீர் ஊற்றிய சந்தா அந்தப் பத்திரத்தை மாற்றி எழுதிவிடாது. லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் நெடுங்காலமாகப் பராமரித்து வருகிறது. மயிலாப்பூர் முழுவதும் அங்கே நடக்கிறது, விளையாடுகிறது, உட்கார்ந்து பேசுகிறது. பராமரிப்பவர் வேறு, அனுபவிப்பவர் வேறு என்று இருக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த விஷயத்தில் எனக்குக் கடைசியாகத் தெளிவு தந்தது மழைநீர். சேகர் ராகவன் 1990களின் நடுவிலேயே பெசன்ட் நகரில் கதவைத் தட்டி, மழைநீரை நிலத்தில் இறக்குங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். 2002இல் மந்தைவெளியில் மழை இல்லம் என்ற ரெயின் சென்டர் வந்தது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல். விட்ட நீர் விறுவிறுவென இறங்கும். தி. நகர், 1920களில் பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். பல இடங்களில் களி கலந்த மண், நீர் இறங்க உறைகிணறு ஆழமாக வேண்டும். ஆனால் எங்கே இறக்கினாலும் அந்த நீர் இறக்கியவர் மனைக்குக் கீழே நிற்காது. மொட்டைமாடித் தண்ணீரை உறைகிணற்றில் விட ஒருவர் செலவழிப்பார். தெருக்கோடியில் ஒன்றும் செய்யாதவர் கிணற்றிலும் நீர்மட்டம் ஏறும். கடல் உப்பு உள்ளே வராமல் தடுப்பதும் எல்லாருக்குமாகத்தான். மண்ணுக்கடியில் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. ‘நான் அனுபவிக்காததற்கு ஏன் கொடுக்க வேண்டும்’ என்ற கேள்வி அங்கே அர்த்தமிழந்து போகிறது. யார் கொடுத்தது, யார் அனுபவித்தது என்று பிரித்து எழுத எந்தப் பேரேட்டாலும் முடியாது.

பொது வசதி எல்லாமே இந்த நிலத்தடி நீரைப் போன்றதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆலந்தூர்க்காரர் கட்டிய 5,000 ரூபாய் அவர் வீட்டுக் குழாயில் மட்டும் இல்லை. தெருக் கொசு குறைந்ததில் அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்குப் போன, அவர் பெயரே அறியாத குழந்தைக்கும் அதில் பங்கு போனது. பொதுவுக்குக் கொடுக்கிறவர் கொடுத்ததன் மேலுள்ள பிடியை விட வேண்டும். கண்ணை மட்டும் எடுக்கக் கூடாது. நம் சங்கங்களில் இது தலைகீழாகக் கிடக்கிறது. பூட்டுச் சாவியை விடுவதில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதும் இல்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு லாரிக்குக் குடத்தோடு நின்றபோது, 2003இல் கட்டிய மழைநீர்க் குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாத வீடுகள் எத்தனையோ. கட்டியாகிவிட்டது, சான்று வாங்கியாகிவிட்டது. அத்தோடு கண் போய்விட்டது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குமுன் உங்கள் கட்டடத்தின் மழைநீர்க் குழியைத் திறந்து பாருங்கள். ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள், மொட்டைமாடிக் குழாயின் வாயில் அடைத்த இலையை அகற்றுங்கள். அடுத்த மீட்டிங்குக்கு வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிடுங்கள். வாட்ச்மேனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். வரவு செலவை அவர்கள் எதிரில் வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் தெருப் பூங்காவின் சாவி உங்கள் சங்கத்திடம் இருந்தால், மதியத்திலும் கேட் திறந்திருக்கட்டும்.