ஈர விறகும் எர்த் கேபிளும்

டிராக்டரின் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் முனகிக்கொண்டு மெல்லச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ். காணாத காரணத்தை நம்மால் அறிய முடியுமா, இல்லை ஊகிக்க மட்டும்தான் முடியுமா என்ற பழைய வழக்கு இங்கே மறுபடி எழுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் வரும் பூதவாதி, அதாவது பொருள்முதல்வாதி, காட்சியைத் தவிர அறிவதற்கான வேறு அளவை செல்லாது என்கிறான். தாய் தந்தையரைக் கருத்தளவையின்றி, அதாவது அனுமானமின்றி, எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். கூர்மையான கேள்விதான், ஆனாலும் அவனுடைய ஐயம் அதோடு தீர்ந்துவிடாது. அனுமானம் பொய்ப்பதும் உண்டு. 'பேட்டரி நிறைந்திருக்கிறது, ஆகவே எஞ்சின் வேகமாகச் சுற்றும்' என்பது இதோ பொய்த்துவிட்டதே.

பொய்த்தது ஏன் என்பதற்கு நியாய தரிசன நூலாரிடம் விடை இருக்கிறது. புகை உள்ள இடத்தில் தீ உண்டு என்பது செல்லும். தீ உள்ள இடத்தில் புகை உண்டு என்பது செல்லாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீ உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈர விறகும் வேண்டும். இப்படிச் சொல்லாமல் விடுபட்ட நிபந்தனைக்கு அவர்கள் வைத்த பெயர் உபாதி. நம் டிராக்டரில் விடுபட்ட நிபந்தனை, மின்சாரம் போகும் வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தை எஞ்சினோடு இணைக்கும் எர்த் கேபிளின் முனையில் துருவோ பெயின்டோ படிந்து 0.01 ஓம் தடை ஏற்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் அற்பமானது. ஆகவே சும்மா நிற்கும்போது அந்தத் தடை எதையும் காட்டிக்கொடுக்காது. செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கும்போது அதே தடை 3 வோல்ட்டை விழுங்கிவிடும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை விரைந்து அழுத்தும் சூட்டில்தான் எண்ணெய் தீப்பிடிக்க வேண்டும். சுற்று மந்தமானால் அந்தச் சூடு சேராது. ஓய்வில் கண்ட காட்சி பொய்யல்ல, அது வேறொரு கேள்விக்கான பதில்.

ஆகவே செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும்: மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், மற்றது எஞ்சின் பிளாக்கில். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 3 காட்டினால் குற்றம் அந்த வழியில்தான். 'மீட்டரைப் பார்ப்பதும் காட்சிதானே' என்று பூதவாதி மறிக்கலாம். கண் பார்த்தது ஓர் எண்ணை மட்டுமே. தடையை யாரும் பார்க்கவில்லை. எண்ணைத் தடையாகப் படிப்பதும், எந்த இரண்டு இடங்களில் முனையை வைப்பது என்று முடிவுசெய்வதும் அனுமானம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓர் உபாதியைக் கண்டுபிடித்தால் இன்னொன்று ஒளிந்திருக்கலாமே? ஆம், இருக்கலாம். குளிரில் கெட்டியான எஞ்சின் ஆயில், தேய்ந்த புஷ், தேய்ந்த கார்பன் பிரஷ் எல்லாம் இதே முனகலைத் தரும். ஆனால் அவை ஒவ்வொன்றையும் சோதிக்க வழி இருக்கிறது. மோட்டாருக்கு வோல்ட் ஒழுங்காகப் போயும் மந்தமாகச் சுற்றி, மின்னோட்டம் அளவுக்கு மீறி ஏறினால் உள்ளே ஏதோ இறுகிப் பிடிக்கிறது. மின்னோட்டமும் குறைவாக இருந்தால் தடை மோட்டாருக்குள்ளேயே. சோதிக்க வழியுள்ள ஐயம் அறிவுக்கு எதிரியல்ல. 10ஆம் நூற்றாண்டின் உதயனர் நியாயகுசுமாஞ்சலியில் சொன்ன பதிலும் இங்கே பொருந்தும்: ஐயப்படுபவனின் சொந்தச் செயலே அவன் ஐயத்தோடு முரண்படும் இடத்தில் ஐயம் நின்றுவிட வேண்டும். காரண காரியத்தை ஏற்காத பூதவாதியும் எஞ்சினைக் கிளப்பச் சாவியைத்தான் திருப்புவான்.

அதே நூலில் உதயனர் அனுமானத்தைக் கொண்டு ஈசுவரனை நிறுவுகிறார்: குடத்துக்குக் குயவன் உண்டு, காரியமான உலகுக்கும் ஒரு கர்த்தா உண்டு. இங்கேதான் நான் அவரைவிட்டு விலகுகிறேன். கேபிள் முனையைச் சுரண்டி இறுக்கினால் 3 வோல்ட் மறைகிறது; காரணத்தை நீக்கி, காரியமும் நீங்குகிறதா என்று பார்க்கிறோம். உலகின் கர்த்தாவை நீக்கிப் பார்க்க யாருக்கும் வழியில்லை. அதனால் அந்த முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை. பக்தர் அதை உறுதியாகப் பற்றலாம், அதற்கு நம்பிக்கை என்ற மதிப்புள்ள பெயரும் இருக்கிறது. எர்த் கேபிளைப் பற்றிய முடிவோடு சேர்த்து அதையும் கருத்தளவை என்று அழைப்பது மட்டும் தவறு.