விடுபட்ட அதிகாரங்கள்

லண்டன், 1807. மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சாகிறது.

1,189 அதிகாரங்களில் 232 மட்டும்.

யோசேப்பு விற்கப்படுகிறான். எகிப்துக்குப் போகிறான். அடுத்துச் சீனாய் மலை. நடுவில் மோசே பார்வோன் முன் நிற்பதில்லை. கடல் பிளப்பதில்லை.

சங்கீதங்கள் இல்லை. அழுவதற்கும் அனுமதி இல்லை.

எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பவுலின் நிருபம் இருக்கிறது.


மடியில் முழு வேதாகமம். யாத்திராகமம் 14, கடல் பிளக்கும் இடம். விரல் நிற்கிறது.

தாள் மெல்லியது. மறுபக்கத்து எழுத்து நிழலாகத் தெரிகிறது.

இதைக் கண்டா அவ்வளவு பயம்.

மூச்சு வருகிறது. போகிறது.


ஃபுளோரிடா, டேடோனா. நான்சி ஆம்ப்ரோஸ் அடிமையாகப் பிறந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் ஹோவர்ட் தர்மன் வாசிக்கிறான்.

ஏசாயா கேட்கிறாள். சங்கீதம் கேட்கிறாள். சுவிசேஷம் கேட்கிறாள்.

பவுல் வேண்டாம். எப்போதாவது 1 கொரிந்தியர் 13, அன்பைப் பற்றியது, அது மட்டும்.

எஜமானின் போதகர் அடிமைகளை உட்காரவைத்துப் பவுலைத்தான் பிரசங்கித்தார். விடுதலை வந்தால், படிக்கவும் தெரிந்தால், அந்தப் பகுதியைத் தொடுவதில்லை என்று அன்றே முடிவு.

அவளும் கழிக்கிறாள். காதால்.

இதைவிடக் கூர்மையான வேத வாசிப்பை நான் அறியேன்.


1949. தர்மனின் புத்தகம் வருகிறது. அதில் இயேசு ஏழை. யூதர். ரோமின் காலடியில் வாழ்பவர்.


அர்க்கன்சாஸ், பியர்டன். இரவு. அப்பா இன்னும் வீடு வரவில்லை. வண்டியின் விளக்கு தெரிகிறதா என்று சிறுவன் ஜேம்ஸ் கோன் பார்த்துக்கொண்டிருக்கிறான். வெள்ளையர் கும்பல் கறுப்பரை மரத்தில் தூக்கிலிடும் காலம்.

விளக்கு தெரிகிறது.

1969-இல், இறையியலாளராக, அவர் எழுதுகிறார்: இயேசு கறுப்பர். 2011-இல் சிலுவையையும் அந்த மரத்தையும் அருகருகே வைக்கிறார். அவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க அமெரிக்க இறையியலுக்கு ஏன் இத்தனை காலம்.

கேள்வி இருக்கட்டும்.


ஆதியாகமம் 16. ஆகார். எகிப்துக்காரி. சாராயின் அடிமை. கர்ப்பிணி. வனாந்தரத்தில் நீரூற்று ஓரம்.

1993-இல் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் இங்கேதான் நிற்கிறார். கறுப்புப் பெண்களோடு.

தூதன் வருகிறான். விடுவிக்கவில்லை. திரும்பிப் போ என்கிறான்.

தொண்டை வறள்கிறது. பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

அவள் கடவுளுக்குப் பெயர் சூட்டுகிறாள். திரும்பிப் போகிறாள்.

மகன் இஸ்மவேல் பிறக்கும்போதும் அவள் அடிமைதான்.