செடிக்கு நீர் ஊற்றுவது யார்?

முதியோர் இல்லமொன்றின் தரத்தை அளக்க விழைவோர் பெரும்பாலும் கட்டில், கழிவறை, உணவு, மருந்து ஆகியவற்றையே நோக்குகின்றனர். அவை தேவையே. ஆயினும் அங்கு வாழ்பவர் யார் என்னும் வினாவுக்கு அவற்றில் விடை இல்லை.

1976-ஆம் ஆண்டில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலார் இருவர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். அறையை எவ்வாறு அமைப்பது, பொழுதை எவ்வாறு கழிப்பது என்பவற்றைத் தாங்களே முடிவு செய்யலாம் என்று ஒரு தளத்தாரிடம் நிர்வாகி கூறினார். விரும்பினால் ஒரு செடியைத் தேர்ந்து வளர்க்கலாம். திரைப்படம் காட்டப்படும் இரு இரவுகளில் எதற்கு வருவது என்பதும் அவர்கள் விருப்பம். மற்றொரு தளத்தாரிடமும் அவர் இனிமையாகவே பேசினார். அவர்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது இல்லத்தாரின் பொறுப்பு என்றார். அவர்களுக்கும் செடி தரப்பட்டது. நீர் ஊற்றுவது செவிலியர் வேலை. மூன்று வாரங்களில் முதல் தளத்தாரிடம் சுறுசுறுப்பும் மகிழ்வும் கூடியிருந்தன. மற்றவருள் பெரும்பாலோர் தளர்ந்திருந்தனர். (பின்னாளில் முதல் தளத்தில் இறப்பும் குறைவு எனச் சொல்லப்பட்டது, அக்கணக்குக்குத் திருத்தம் வந்தமையால் அதனை அழுத்திக் கூறமாட்டேன்.)

இரண்டாம் தளத்தில் கொடுமை ஏதும் நிகழவில்லை என்பதே நம்மை உறுத்த வேண்டியது. கையிலிருந்த வேலையைக் கனிவுடன் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் வீடுகளிலும், "நீங்கள் சும்மா இருங்கள், அம்மா" என்பது மரியாதையாகவே சொல்லப்படுகிறது. ஐம்பது ஆண்டுகள் அடுப்படியை ஆண்டவளின் செவியில் அது எவ்வாறு விழும் என நாம் எண்ணுவதில்லை.

ஆனால் அவ்வாய்வில் பங்கேற்றோர் ஓரளவு உடல்நலம் உள்ளவர்கள். நடுக்குவாதம் கண்டவர் தாமே உண்ண முக்கால் மணி நேரம் ஆகலாம். ஊட்டிவிட்டால் பத்தே நிமிடம். அடுத்த கட்டிலில் இன்னொருவர் பசியோடு காத்திருக்கிறார். தனியே நடக்கவிட்டால் விழக்கூடும். இடுப்பெலும்பு முறிந்தால் உறவினர் இல்லத்தாரையே கேட்பர். ஆகவே நாற்காலியிலேயே இருத்திவைக்கின்றனர். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர். யாருக்குப் பாதுகாப்பு?

மறதி நோய் முற்றிய நிலையிலும் விருப்பம் முழுதும் மறைந்துவிடுவதில்லை. தான் இருக்கும் ஊரையே அறியாத மூதாட்டியும், இரு சேலைகளை முன்னே விரித்தால் ஒன்றைத் தொட்டுக்காட்டக்கூடும். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைப் பணிப்பெண் எங்கிருந்து எடுப்பாள்? இன்னோர் ஆளை அமர்த்த நிர்வாகம் தயங்குகிறது. கட்டணம் கூடுவதைப் பிள்ளைகள் விரும்புவதில்லை. எனவே கைக்கு அகப்பட்ட சேலையை அவளே உடுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குச் செல்கிறாள்.