திரைக்குள் ஒரு ஜீவன்

ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்த மாலை நேரம். தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த அனுபவம் நிச்சயம் இருக்கும். ஈசலும் சிறு பூச்சிகளும் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்துவிடும். டியூப்லைட்டை அணைத்தால், நேரே கம்ப்யூட்டர் திரையில் போய் மொய்க்கும். அவற்றில் கடுகிலும் சிறிய ஒன்று, ஓரத்து இடுக்கு வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் எழுத்துகளுக்கு நடுவே ஒரு முற்றுப்புள்ளி நடக்கிறது!

உடனே விரல் அதை அழுத்தப் போகும். வேண்டாம். பூச்சி இருப்பது திரைக்கும், அதன் பின்னால் வெளிச்சத்தைப் பரப்பும் தாள்களுக்கும் இடையில். அழுத்தினால் அங்கேயே நசுங்கி ஒட்டிக்கொள்ளும். திரையைப் பிரித்தால் ஒழிய அந்தக் கரும்புள்ளி போகாது.

சரி, திரை கெடும் என்பதற்காக மட்டும்தானா? 'இத்தனூண்டு பூச்சிக்குமா பாவ புண்ணியம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம்... இந்த ஐந்தும் இல்லறத்தான் வீட்டுக் கொலைக்களங்கள் என்கிறது மனு ஸ்மிருதி. 'பஞ்ச சூனா' என்று பெயர். குடித்தனம் நடத்தினால் சிற்றுயிர்கள் சாகத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பரிகாரமாகவே தினமும் ஐந்து யக்ஞங்களை விதித்தார்கள். காக்கைக்கும் புழு பூச்சிக்கும் சோறிடுவது அதில் ஒன்று. ஆனால், இதெல்லாம் அறியாமல் நேர்வதற்கு. பார்த்துக்கொண்டே நசுக்குவது இந்தக் கணக்கில் சேருமா?

மாண்டவ்ய மகரிஷி, செய்யாத திருட்டுக்காகக் கழுவேற்றப்பட்டார். 'ஏன் இந்தத் தண்டனை?' என்று தர்மராஜனிடம் கேட்டார். 'சிறு வயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தினீர்' என்று பதில் வந்தது. அறியாப் பிள்ளைக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று வெகுண்டவர், தர்மராஜனையே மண்ணில் பிறக்கும்படி சபித்தார். அவன்தான் விதுரராகப் பிறந்தான் என்கிறது மகாபாரதம். 14 வயதுவரை செய்வது பாவமாகாது என்று வரம்பும் வகுத்தார் மகரிஷி. பிள்ளைகள் தப்பித்தார்கள். நமக்குத்தான் 14 தாண்டி வெகு நாளாகிவிட்டதே!

கொசு விஷயம் வேறு. டெங்கு பரப்பும் கொசுவை ஒழிக்கத்தான் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதற்குத் தயங்குவது தர்மம் அல்ல என்பதே என் எண்ணம். திரைக்குள் இருப்பது யாரையும் கடிக்கவில்லை. வெளிச்சத்தை நம்பி வந்து, வழி தெரியாமல் அலைகிறது. திருச்சிக்கு அருகே திருவெறும்பூரில், எறும்பு வடிவில் வந்த தேவர்கள் ஏற முடியாமல் வழுக்கியபோது, ஈசன் புற்றாகி, சற்றுச் சாய்ந்தும் கொடுத்தாராம்.

நாம் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, அறையை இருட்டாக்கி, திரையின் ஓரமாக ஒரு மேஜை விளக்கை வையுங்கள். அநேகமாக அதுவே வெளியே வந்துவிடும். ஒன்று மட்டும்... பூஜையறை அகல் விளக்கை எடுத்து வந்து வைத்துவிடாதீர்கள். சுடரில் விழுந்துவிடும். டார்ச் லைட் போதும்.