கேட்பவர் கடன்

எமது பாடசாலையில் இடைவேளை நேரத்தில் பதினைந்து நிமிடங்கள் ஒரு 'வானொலி' இயங்குகிறது. வானொலி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அதிபர் அறையில் ஓர் ஒலிவாங்கி, முற்றத்து வேப்பமரத்தில் ஓர் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். மாணவர்களே நிகழ்ச்சியைத் தயாரிக்கிறார்கள், அவர்களே வாசிக்கிறார்கள். தமிழ்ப்பாட ஆசிரியன் என்ற வகையில் மேற்பார்வை என்னுடையது.

சென்ற ஆண்டு தரம் 10 மாணவன் ஒருவன் தன் உம்மும்மாவைச் செவ்வி கண்டு, கைத்தொலைபேசியில் பதிவு செய்து கொண்டுவந்தான். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து படகேறி கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் அந்தத் தாயும் ஒருவர். பேரன் பண்பலை அறிவிப்பாளரைப் போலவே உற்சாகமாகத் தொடங்குகிறான். ஊர் எது, வீடு எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்கிறான். பிறகு, "வரக்குள்ள என்னத்த எடுத்துக்கிட்டு வந்தீங்க உம்மும்மா?" என்கிறான். அவ்விடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு கோழி கொக்கரிக்கிறது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. ஏறத்தாழ நாற்பது விநாடிகள். அதன் பின்னர் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பதை இறுதியில் சொல்கிறேன்.

பையன் என்னிடம் கேட்டது வேறு. "சேர், இந்தச் சத்தமில்லாத இடத்த வெட்டிடவா? கேக்கிறவங்களுக்கு அலுத்துப் போகும்."

உடனே விடை சொல்ல எனக்கு முடியவில்லை. ஒரு மனிதரிடம் கேள்வி கேட்கும் உரிமை மற்றவருக்கு எங்கிருந்து வருகிறது? கேட்டுப் பெற்ற விடை யாருக்குச் சொந்தம்? அன்று தொடக்கம் என்னை விடாத வினாக்கள் இவை.

வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. வாப்பாவின் வானொலிப் பெட்டி எங்கள் வீட்டில் ஒரு மூத்த அங்கத்தவரைப் போல இருந்தது. யுத்த காலத்து இரவுகளில் லண்டனிலிருந்து வரும் பி.பி.சி. தமிழோசையைக் கேட்க அயலவர்களும் வந்து திண்ணையில் குந்துவார்கள். அந்த வானொலிச் சேவை 2017இல் நின்றுபோனது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையில் எழுத்தாளர் ஒருவரின் செவ்வி வருகின்ற நாளில் வாப்பா எங்களைச் சத்தம்போட விடமாட்டார். அச்சில் மட்டும் பெயர் கண்ட ஒருவரின் தொண்டைச் செருமலையும் தயக்கத்தையும் கேட்பது எனக்குப் பெரும் புதுமையாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில் தனியார் பண்பலைகள் வந்தன. கேள்வியும் விடையும் வேகம் பிடித்தன. விருந்தினர் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியில் ஒரு சிரிப்பு அல்லது ஒரு பாட்டு. மௌனம் என்பது இயந்திரக் கோளாறு என்று எமது பிள்ளைகள் கற்றுக்கொண்டது அங்கேதான்.

தமிழில் 'கேள்' என்னும் சொல் விந்தையானது. வினாவுவதும் கேட்டல்தான், செவிமடுப்பதும் கேட்டல்தான். திருக்குறளில் 'கேள்வி' என்றோர் அதிகாரம் இருக்கிறது. அது வினாத் தொடுப்பதைப் பற்றியதன்று. செவியால் பெறும் அறிவைப் பற்றியது. உறவினருக்கும் நண்பருக்கும் 'கேளிர்' என்று பெயரிட்டதும் இதே மொழிதான். சொல் ஒன்றாக இருப்பதால் செயலும் ஒன்றாகிவிடாது. வினாவத் தெரிந்த எல்லோருக்கும் செவிமடுக்கத் தெரிவதில்லை. செவ்வி காண்பவரின் ஒழுக்கம் இவ்விரண்டுக்கும் இடையில்தான் சோதிக்கப்படுகிறது.

செவ்வி என்றாலே இதமாகப் பேசுவதென்று நான் சொல்ல வரவில்லை. கடுமையாகக் கேட்டே ஆகவேண்டிய இடங்கள் உள்ளன. 2012 நவம்பரில் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் தவறான செய்தியால், குற்றமற்ற அரசியல்வாதி ஒருவர்மீது சிறுவர் துஷ்பிரயோகப் பழி விழுந்தது. அந்நிறுவனத்தின் பணிப்பாளர் நாயகம் ஜோர்ஜ் என்ட்விசில், நவம்பர் 10ஆம் திகதி காலை தம் நிறுவனத்தின் வானொலிக்கே செவ்வி வழங்க வந்தார். கேட்டவர் ஜோன் ஹம்ப்ரிஸ். அதாவது, தலைவரிடம் கேள்வி கேட்டது அவருடைய நிறுவனத்தின் அறிவிப்பாளரே. நிகழ்ச்சி பற்றி முன்கூட்டியே உங்களுக்குத் தெரியாதா, ஒளிபரப்பானபோது பார்க்கவில்லையா, மறுப்பு வெளியான பத்திரிகையை வாசிக்கவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விடைகள் பெரும்பாலும் 'இல்லை' என்றே வந்தன. அன்றிரவே பணிப்பாளர் நாயகம் பதவி விலகினார். பதவிக்கு வந்து அவருக்கு 54 நாட்களே ஆகியிருந்தன.

இது கொடுமையா? நான் அப்படி நினைக்கவில்லை. பதவியில் இருப்பவர் சொல்லும் விடை அவர் தரும் கொடை அன்று; திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். கேட்பவர், வீட்டில் வானொலிக்கு முன்னால் இருப்பவர்களின் சார்பில் அதைக் கேட்டு வாங்குகிறார். "உங்கள் சேவைகளைப் பற்றி நேயர்களுக்குச் சொல்லுங்கள்" என்று எமது அரசியல்வாதிகளின் முன்னால் ஒலிவாங்கியை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் மரியாதைக்காரர் போலத் தோன்றலாம். உண்மையில் அவர் அயலவரின் பணத்தில் தாராளம் காட்டுகிறார்.

நிபுணர்களிடமும் இக்கடனைக் கேட்டு வாங்க வேண்டும். இதை நாம் அனுபவித்து அறிந்தவர்கள். 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்கள் அனைத்தையும் எரிக்க வேண்டுமென இந்நாட்டில் வர்த்தமானி வெளியானது. அடக்கம் செய்வதும் ஏற்கத்தக்கதே என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசுபடும் என்ற கூற்று நிபுணர் கருத்தாக ஊடகமெங்கும் வலம்வந்தது. 2021 பெப்ரவரி வரை அந்த விதி நீடித்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்த மாதங்களில் நான் கேட்ட செவ்விகளில், "இதற்கு ஆய்வு எங்கே ஐயா?" என்ற எளிய கேள்வியைக் கேட்டவர் மிகச் சிலரே. நிபுணரின் குரலில் இருந்த உறுதியையே சான்றாக எடுத்துக்கொண்டோம். கேட்கப்படாத ஒரு கேள்வியின் விலையை யார் யார் செலுத்தினார்கள் என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் கடன்பட்டவரிடம் கேட்கும் அதே உரிமையோடு கடன்படாதவரிடமும் போய் நிற்கும்போது கேள்வி வேறொன்றாகிவிடுகிறது. 2012 டிசம்பரில் சிட்னி நகரப் பண்பலையொன்றின் அறிவிப்பாளர் இருவர், அரச குடும்பத்தவரைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு லண்டன் வைத்தியசாலையொன்றுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். இளவரசரின் மனைவி அங்கே சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். தாதியொருவர் நம்பி அழைப்பை இணைத்தார். மற்றொருவர் நோயாளியின் நிலையைச் சொன்னார். அவர்களின் சம்மதமின்றியே அப்பதிவு ஒலிபரப்பப்பட்டது. உலகம் சிரித்தது. மூன்றாம் நாள், அழைப்பை இணைத்த தாதி உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தது. அந்த நிலையத்தின் குற்றத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை தீர்மானிக்கலாமா என்ற வழக்கு அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போய், தீர்மானிக்கலாம் என 2015இல் தீர்ப்பாயிற்று.

அந்த அறிவிப்பாளர்கள் தீயவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நேயர்களைச் சிரிக்க வைப்பது தங்கள் தொழில் என நம்பியவர்கள். ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கும் ஒரு முகமும் குடும்பமும் உண்டு என்பதை அந்த ஒரு கணம் மறந்தார்கள். நேயர்கள் ஆயிரம், பேசுபவர் ஒருவர். ஆயிரத்தின் பெயரால் ஒன்றைச் செலவழிப்பது கணக்கில் இலாபமாகத் தோன்றும். அறத்தின் கணக்கு அப்படி ஓடுவதில்லை.

இதற்கு மறுபக்கத்தில் ஒருவர் இருந்தார். ஸ்டட்ஸ் டேர்க்கல் சிக்காகோவின் டபிள்யூ.எப்.எம்.டி. வானொலியில் 1952 முதல் 1997 வரை 45 ஆண்டுகள் செவ்வி நிகழ்ச்சி நடத்தியவர். ஜேம்ஸ் போல்ட்வின் போன்ற எழுத்தாளர்கள் அவர்முன் அமர்ந்திருக்கிறார்கள். எழுத்தாளர் வருமுன் அவருடைய நூலை முழுமையாக வாசித்து, ஓரங்களில் கோடிட்டு வைத்திருப்பார். "இந்நூலை எழுத உங்களைத் தூண்டியது எது?" என்ற கேள்வியைத் தாண்டாத செவ்விகளுக்குப் பழகிய எமக்கு இதன் அருமை விளங்கும். நூலை வாசிக்காமல் நூலாசிரியரை அழைப்பது, விருந்தினரை வரச்சொல்லிவிட்டு அடுப்பை மூட்டாதிருப்பதற்குச் சமம்.

டேர்க்கல் பிரபலங்களோடு நின்றுவிடவில்லை. ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சாதாரண மனிதர்களைத் தேடிப் போனார். தொழிலாளர்கள் தம் வேலையைப் பற்றிப் பேசிய அவரது நூல் 1974இல் வெளியானது. கருவியை இயக்குவதில் தாம் மந்தம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாடா ஓடவில்லையே என்று பேசவந்தவரே எடுத்துச் சொல்ல நேருமாம். அத்துடன் பேசுபவரின் அச்சம் போய்விடும். இவரும் நம்மைப் போல ஒருவர்தான் என்று மனம் திறந்துவிடுமாம்.

ஆசிரிய கலாசாலையில் நான் கற்ற பாடமொன்றும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். வினாவைக் கேட்ட பின் ஆசிரியர் விடைக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவே. அதை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, சிந்தனை ஆழப்பட்டது, வாய்திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இருபது வருடங்களாகக் கற்பிக்கிறேன். அந்த மூன்று விநாடிகளைக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். பொறுமையற்ற ஆசிரியன் தன் கேள்விக்குத் தானே விடை சொல்லிக்கொள்கிறான். என் மாணவன், தெரிந்தோ தெரியாமலோ, நாற்பது விநாடிகள் காத்திருந்தான். அவன் செய்தவற்றில் மிகச் சிறந்ததை வெட்டிவிடவா என்று என்னிடம் கேட்டான்.

"வெட்டாதே மகன்" என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். எனக்குள் வேறோர் ஆசை எழுந்தது. வலய மட்டத்தில் ஒரு போட்டி வரவிருந்தது. இந்தப் பதிவை அனுப்பினால் பரிசு நிச்சயம் என்று மனம் கணக்குப் போட்டது. சிட்னி அறிவிப்பாளர்களைப் பற்றி மேலே நியாயம் பேசிய நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். ஒலிபரப்புவதற்கு முன் உம்மும்மாவுக்குப் போட்டுக் காட்டுவோம் என்று சொன்னவன் பையன்.

அந்தியில் இருவரும் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். தம் மௌனத்தையும் கேட்டார். பிறகு சொன்னார்: "வேணாம் மாஸ்டர். இது புள்ளைக்குச் சொன்னது. ஊருக்குச் சொன்னதில்ல."

நான் வாதாடிப் பார்த்தேன். உங்களைப் போன்றவர்கள் சொல்லாவிட்டால் 1990 எம் பிள்ளைகளுக்கு ஒரு வரியாகக்கூட மிஞ்சாதே என்றேன். இந்த வாதம் பொய்யன்று. சாட்சிகள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். பதியப்படாத வரலாற்றை மறுப்பது எளிது. டேர்க்கலிடம் பேசியவர்கள் மறுத்திருந்தால் அந்த நூல்கள் பிறந்திராது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். வரலாற்றின் தேவை எனது வாதத்துக்கு வலுவைத் தந்தது. அவருடைய வாக்கியத்தின்மீது எனக்கு உரிமையைத் தரவில்லை.

பதவியாளரின் விடை கடன். எழுத்தாளரும் நிபுணரும் தம் துறையைப் பற்றிப் பேச இசைந்து வருகிறார்கள். அந்த எல்லைக்குள் எவ்வளவு கூர்மையாகவும் கேட்கலாம். துயரப்பட்ட ஒருவரின் விடையோ அமானிதம். கையில் கிடைத்துவிட்டதென்பதால் அது நம்முடையதாகிவிடாது. தந்தவர் சொன்ன இடத்தில், சொன்ன அளவில் வைத்திருக்க வேண்டியது. இங்கே எழுதியிருக்கும் அளவுக்கு அவரிடம் அனுமதி பெற்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் அனுமதி தரவில்லை.

போட்டிக்கு எதையும் அனுப்பவில்லை. அந்த வாரம் பையன் கற்பிட்டி உப்பளத்துத் தொழிலாளி ஒருவரைச் செவ்வி கண்டு ஒலிபரப்பினான். சுமாராக இருந்தது. ஆனால் விடை முடியும்வரை குறுக்கே பேசாமல் காத்திருந்தான் என்பதைக் கவனித்தேன்.

சில மாதங்களுக்குப் பின்னர் வகுப்பு முடிந்து போகும்போது நின்று சொன்னான்: "சேர், உம்மும்மா இப்ப நிறையக் கதைக்கிறாங்க. நான் போன எடுக்கிறதில்ல."

என்ன சொன்னார் என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கவில்லை.