அடுத்த கடையின் தங்க அட்டை

விமானப் பயண உலகில் 'ஸ்டேட்டஸ் மேட்ச்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஓயாமல் பறந்து தங்க அட்டை வாங்கியவர், அதைப் போட்டி நிறுவனத்திடம் காட்டினால், அவர்களும் ஏறக்குறைய அதே தகுதியைக் கொடுப்பார்கள். டெல்டா, யுனைடெட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் முதலில் சில மாதங்களுக்குத் தருகின்றன. அதற்குள் போதிய அளவு பறந்தால்தான் தகுதி நீடிக்கும்.

கூட்டணி வேறு விஷயம். 2013இல் மலேசியா ஏர்லைன்ஸ் 'ஒன்வேர்ல்ட்' கூட்டணியில் சேர்ந்தது. கூட்டாளியின் அட்டையை மதிப்பது ஒப்பந்தம். ஸ்டேட்டஸ் மேட்ச் மதிப்பது எதிராளியின் அட்டையை.

அட்டை லேசில் கிடைப்பதில்லை. கிரிஸ்ஃபிளையரில் தங்கம் வேண்டுமென்றால் 12 மாதத்தில் 50,000 எலீட் மைல் சேர்க்க வேண்டும். எந்தத் திட்டத்திலும் இப்படி ஒரு கோடு உண்டு. பத்து வருடமாக ஒரே நிறுவனத்தில் பறந்தும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்பவருக்குச் சலுகை இல்லை. எதிராளியிடமிருந்து நேற்று வந்தவருக்கு லவுஞ்ச் கதவு திறக்கிறது. உள்ளூர் மாடு விலை போகாது என்பது இதுதான்.

இது அநியாயமா? வீடணன் வந்தபோது சுக்ரீவன் சந்தேகப்பட்டான். சொந்த அண்ணனை விட்டு வந்தவனை எப்படி நம்புவது? இராமன் ஏற்றுக்கொண்டான். ஆனால் வீடணன், 'இராவணனுக்கு இத்தனை வருடம் உண்மையாக இருந்தேன்' என்று சொல்லி இடம் கேட்கவில்லை. அவன் அறத்தின் பக்கம் வந்தான். ஸ்டேட்டஸ் மேட்சில் எந்த விசுவாசத்தை முறிக்கப்போகிறோமோ, அதுவேதான் சிபாரிசுக் கடிதம். அப்படியென்றால் அங்கே அளக்கப்படுவது விசுவாசமே இல்லை. இவர் இனி எவ்வளவு செலவழிப்பார் என்ற கணக்கு மட்டும்தான். அந்தச் செலவும் பல நேரம் அவருடைய முதலாளியின் காசு. தீபாவளிக்குத் தீபாவளி சொந்தக் காசில் ஒரே விமானத்தில் ஊருக்குப் போகிறவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

வேலையிலும் இதே கதைதான். இன்டர்வியூவில் பழைய சம்பளச் சீட்டைக் கேட்டு அதற்கு மேல் கொஞ்சம் வைத்துக் கொடுப்பதும் ஒரு ஸ்டேட்டஸ் மேட்ச்தானே? அங்கேயே எட்டு வருடம் இருப்பவருக்கு அந்தத் தொகை வராது. அவர் கிளம்புகிறேன் என்றால் மட்டும் 'விசுவாசம்' என்ற சொல் வெளியே வரும்.

கம்பெனி மாறுவதில் தப்பில்லை. வியாபாரத்தை வியாபாரமாகச் செய்யலாம். ஆனால் அதற்கு விசுவாசம் என்று பேர் வைத்தால், விட்டுப் போகிறவருக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது, விதியை மாற்றுகிற நிறுவனத்துக்கு வருவதில்லை. செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரைக் கொடுத்த கும்பகர்ணனுக்கு எதிரே ஓர் அண்ணன் இருந்தான். தம்பி செத்தான் என்று கேட்டு அழுதான். நாம் போய்விட்டால் அழ ஆள் இருக்கும் இடத்துக்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்துக்கொள்வோமே.