கையொப்பத்திற்கு முன் ஒரு வரையறை

சென்ற ஆனி மாதத்தில் எம் தமக்கையின் பேரன் தன் தாயுடன் குளச்சலுக்கு வந்திருந்தான். மேலாண்மைக் கல்வியில் முதலாண்டை முடித்து, மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் எட்டு வாரம் கோடைப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தான். பயிற்சியின் இறுதி நாளிலேயே, படிப்பு முடிந்ததும் நிரந்தரப் பணியில் சேரலாம் என்று வங்கி எழுத்து மூலம் அழைப்பு விடுத்துவிட்டது. இசைவுக் கையொப்பமிட்டு அனுப்ப இரண்டு வாரத் தவணை. அதில் கண்டிருந்த ஓராண்டு ஊதியம், நாம் பணிக்காலம் முழுவதும் பெற்ற ஊதியத்தைக் கூட்டினாலும் எட்டாத தொகை. தாய் இனிப்புப் பெட்டியைப் பிரித்துத் தெருவெல்லாம் வழங்கினாள். பையன் மட்டும் பேசாதிருந்தான்.

மறுநாள் மாலை கடற்கரையில் நடந்தபோது, "பாட்டி, இந்த வேலையைச் செய்துகொண்டு நான் சிராவகன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டான். இன்று நம் குடும்பங்களில் படித்த பிள்ளைகள் பலர் இத்தகைய பணிகளை நாடுகின்றனர். ஆதலால் அவனுக்குச் சொன்னதையும், அப்போது சொல்ல இயலாமற்போனதையும் இங்கு எழுதத் துணிகிறோம்.

முதலீட்டு வங்கி என்பது நம் ஊர் வங்கி போன்றதன்று. சேமிப்பைப் பெற்றுக் கடன் கொடுப்பது அதன் முதன்மைத் தொழிலன்று. பெருந்தொகை தேடும் நிறுவனங்களுக்குப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வெளியிட்டுப் பணம் திரட்டித் தருவதும், ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்கும்போது மதிப்பிட்டு ஆலோசனை கூறுவதும், அதற்குக் கட்டணம் பெறுவதுமே அதன் பணி. இத்தொழிலில் கோடைப் பயிற்சி எட்டு அல்லது பத்து வாரம் நீளும் ஒரு நேர்முகத் தேர்வே. புதிதாகச் சேர்வோரில் பெரும்பகுதியினரை வங்கிகள் இப்பயிற்சியாளரிடமிருந்தே பொறுக்கி எடுக்கின்றன. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் மேற்பார்வையாளர் பின்பெஞ்சில் அமர்ந்திருந்த நாளில் நாமும் இல்லாத சுறுசுறுப்பைக் காட்டியதுண்டு. அது ஒரு பாட வேளை. இங்கே இரண்டு மாதம். வேலை முடிந்த பின்னும், மேலதிகாரி எழுந்து செல்லும் வரை திரையைப் பார்த்தபடி இருந்ததாகப் பையன் கூறினான். பொய்யாமை விரதத்தில் இது எங்கே சேரும் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நாம் சிரிக்கவில்லை.

இத்தொழில் நமக்கு விலக்கப்பட்டதா? அவ்வாறு கூற இயலாது. வாணிகமும் வட்டித்தொழிலும் சமணர் நெடுங்காலம் செய்துவந்தவை. பங்குத் தொழிலுக்கும் முன்னோர் உளர். பம்பாயில் 1875ஆம் ஆண்டில் பங்குத் தரகர் சங்கம் அமைத்தோருள் ஒருவரான பிரேம்சந்த் ராய்சந்த் சமணரே. அச்சங்கமே இன்றைய மும்பைப் பங்குச் சந்தை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி விலை ஏறியதால் பம்பாயில் பணம் பெருகியது. பங்கு மோகமும் உடன் வளர்ந்தது. அம்மோகத்தின் நடுநாயகர் அவரே. 1865ஆம் ஆண்டில் போர் முடிந்து விலை சரிந்தபோது அவரும் வீழ்ந்தார், அவரை நம்பியோர் பலரும் வீழ்ந்தனர். பம்பாய்ப் பல்கலைக்கழக வளாகத்தில் 1878ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மணிக்கூண்டு அவர் நன்கொடையால் எழுந்தது. அவர் அன்னை ராஜாபாயின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவ்வம்மையார் கண்பார்வை இழந்தவர் என்றும், பிறர் துணையின்றிப் பொழுதறிந்து அந்திக்கு முன் உணவு கொள்ள அம்மணி ஒலி உதவியது என்றும் சொல்லப்படுகிறது. இக்கதை எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தாய் பொழுதுக்கு ஓர் எல்லை வைத்திருந்தார். மகன் அந்த எல்லைக்கு மணி கட்டிக் கொடுத்தார். தம் வாணிகத்திற்கு அத்தகைய மணி ஒன்றை அவர் கட்டிக்கொள்ளவில்லை.

இப்பணியைப் பற்றிப் பேசும்போது நம்மவர் உடனே மிகுபொருள் விரும்பாமையை எடுக்கின்றனர். ஐந்தாம் விரதத்திற்கு முன்னே முதல் விரதம் இருக்கிறது. அவனை வருத்தியதும் அதுவே. பயிற்சியின் மூன்றாம் வாரத்தில் இறைச்சிக்கோழி நிறுவனம் ஒன்றின் மதிப்பைக் கணிக்கும் பணி அவனுக்குத் தரப்பட்டது. நாளொன்றுக்கு எத்தனை பறவைகள் என்பது கணக்கில் ஒரு கட்டம். அந்த எண்ணைக் கூட்டினால் நிறுவனத்தின் மதிப்பு உயரும். அவன் கூட்டினான். கணக்கு நன்றாக அமைந்தது என்று பாராட்டும் பெற்றான்.

அவன் இதைக் கூறியபோது நாங்கள் குளச்சல் வெற்றித்தூணுக்கு அருகில் நின்றிருந்தோம். 1741ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை முறியடித்ததன் நினைவுச் சின்னம் அது. மிளகு வாணிகமே அப்போரின் வேர். அக்கம்பெனி 1602ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குப் பங்குகள் விற்று முதல் திரட்டியது. பங்கு வாங்கியோருள் வீட்டு வேலை செய்யும் பெண்களும் இருந்தனர். ஆம்ஸ்டர்டாமில் பங்காதாயம் பெற்றவர் இக்கரையைக் கண்டிலர், எவர்மீதும் வாள் ஓங்கிலர். ஆயினும் நம் ஆசாரியர் தீவினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாக வகுத்தனர். மீன் வலையோடு வரும் இவ்வூர் மக்களைக் கண்டு முகம் சுளிக்கும் நம்மவரை நாம் அறிவோம். இம்மக்கள் செய்வதைத் தம் கையால் செய்கின்றனர். கடலில் உயிரையும் பணயம் வைக்கின்றனர். குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு கட்டத்தில் எண்ணைக் கூட்டுபவன் செய்விப்போன் அல்லனா? இதைச் சொன்னபோது பையனின் முகம் வாடியது. கூறியது கடுமையோ என்று எமக்கே தோன்றியது. ஆயினும் மாற்றிக்கொள்ளவில்லை.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. பெரிய வங்கிகளில் மருத்துவம், கணினி, மின்சாரம், நுகர்பொருள் என்று துறைவாரியாகக் குழுக்கள் உண்டு. எந்தக் குழுவில் சேர விருப்பம் என்பதைப் பணியில் அமருமுன் கேட்கலாம். மறுத்தால் மறுக்கட்டும், கேட்பதில் இழப்பில்லை. கேட்கத் துணியாமல் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்துவதே நம் பிள்ளைகளின் வழக்கமாகிவிட்டது.

முதல் விரதத்தில் நாம் மறந்துபோன மற்றொரு பகுதியும் உண்டு. கொல்லாமைக்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். வண்டி மாட்டை மனத்திற்கொண்டு சிறுவயதில் இதைக் கற்றோம். இரத்தின கரண்டகத்தில் சமந்தபத்திரர் அளவுமீறிப் பாரம் சுமத்துவதை ஐந்தாம் விரதத்தின் குற்றங்களிலும் சேர்த்திருக்கிறார். பேராசையும் பாரமும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவை என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை.

2021ஆம் ஆண்டில் கோல்ட்மன் சாக்ஸ் என்னும் அமெரிக்க வங்கியின் முதலாண்டுப் பணியாளர் 13 பேர் தாம் வாரத்திற்குச் சராசரி 95 மணி நேரம் உழைப்பதாகத் தெரிவித்தது வெளியாயிற்று. ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். எஞ்சிய 73 மணி நேரத்தில் உறக்கம், குளியல், பயணம், தாயோடு ஒரு வார்த்தை, எல்லாம் அடங்க வேண்டும். 2013ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு வங்கியில் கோடைப் பயிற்சி பெற்ற 21 வயது ஜெர்மானிய மாணவர் தம் அறையில் இறந்து கிடந்தார். வலிப்பு நோயே காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. களைப்பு அதைத் தூண்டியிருக்கக்கூடும், உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் கூறப்பட்டது. பயிற்சியாளர் நள்ளிரவுக்கு முன் வெளியேற வேண்டும், காலை 7 மணிக்கு முன் திரும்பக் கூடாது என்று கோல்ட்மன் சாக்ஸ் 2015ஆம் ஆண்டில் விதி செய்தது. அதாவது 17 மணி நேரம் இருக்கலாம் என்பதே விதி! மாட்டு வண்டிக்காரன் இதைக் கேட்டால் நாணுவான்.

ஆனால் மாட்டின் மேல் பாரம் ஏற்றுபவன் வேறு, சுமக்கும் மாடு வேறு. இங்கே சுமப்பவனே முதுகைக் காட்டுகிறான். மூன்றாண்டில் அவனே பிறர் முதுகில் ஏற்றும் பதவிக்கு வந்துவிடுவான். தன்னுயிரை வருத்துதல் தவம் ஆகாதா என்று அவன் வாதிட்டான். நோன்பினால் உடல் வாடுவது வினை உதிர்வதற்கு. ஊக்கத்தொகைக்காக உடல் வாடுவதை எந்த ஆசாரியர் தவம் என்றார்?

அப்போதுதான் தயங்கித் தயங்கி உணவைப் பற்றிச் சொன்னான். ஐந்து வயது முதல் அந்திக்குப் பின் உண்டறியாத பிள்ளை அவன். முதல் நான்கு நாள் மாலையில் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்து உண்டிருக்கிறான். அந்நேரத்தில்தான் அவசர வேலைகள் வருமாம். இரவு எட்டு மணிக்கு மேல் இருப்பவர்க்கு உணவுச் செலவு வங்கியுடையது. அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்பர். ஐந்தாம் நாள் இவனும் அமர்ந்தான். "ஒருவரும் வற்புறுத்தவில்லை, பாட்டி. அதுதான் வருத்தம்" என்றான். இதை அவன் தாயிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று எம்மையும் கேட்டுக்கொண்டான். பெயரும் ஊரும் குறிக்காமல் எழுத அவன் இசைவு பெற்றே இப்போது எழுதுகிறோம். தாயிடமும் பின்னர் தானே சொல்லிவிட்டான்.

பொருளை வரையறுக்கும் விரதத்தில் நம்மவர் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. வந்து சேர்ந்த பின் வரையறுக்கலாம் என்று காத்திருப்பர். வந்தபின் வரையும் கோடு வந்ததற்குச் சற்று அப்பாலேயே விழும். நிலம், வீடு, பொன், தானியம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வரையறுக்க நூல்கள் கூறுவது, மனம் பொதுவாகச் சொன்னால் நழுவிவிடும் என்பதால்தான். வங்கி தன் தாளில் தொகையை எழுதிவிட்டது. பையனின் தாளில் ஒன்றும் இல்லை. அதையே செய்யச் சொன்னோம்: கையொப்பத்திற்கு முன் உன் தொகையை எழுது, உன் ஆண்டுகளை எழுது, உன் கை தொடாத தொழில்களை எழுது.

மூன்றாம் நாள் விடியலில் எம் பழைய மாணவர் குறிப்பேடு ஒன்றில் எழுதிக்கொண்டு வந்தான். ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு, அதற்கு மேல் வருவது தாத்தா ஊர் ஜிநாலயத் திருப்பணிக்கும் பிள்ளைகள் படிப்புக்கும். இப்பணியில் ஐந்தாண்டுக்கு மேல் இல்லை. இறைச்சி, மது, புகையிலை நிறுவனங்களின் கணக்கைத் தொடுவதில்லை, குழுவை முன்னரே கேட்பது. நான்காவதாக 'இரவு உணவு' என்று எழுதி, எதிரே இடம் விட்டிருந்தான். ஏன் என்று நாம் கேட்கவில்லை. பிற்பகல் நாகர்கோவிலில் இரயில் ஏறினர். தவணையின் இறுதி நாளில் கையொப்பமிட்டு அனுப்பியதாகச் செய்தி வந்தது. மருத்துவத் துறைக் குழுவைக் கேட்டிருக்கிறான்; விடை இன்னும் வரவில்லை. குறிப்பேடு எம்மிடமே இருக்கிறது.